எண்ணிக்கை தவறாத மோட்டார் இடம் தவறுவது ஏன்?

ஒரு சிறு விளையாட்டை நினைத்துப் பாருங்கள். உங்கள் கண்களைத் துணியால் கட்டிவிடுகிறார்கள். "முன்னால் இருபது அடி வை, இடப்புறம் திரும்பிப் பத்து அடி வை, பிறகு வந்த வழியே திரும்பி வா" என்று நண்பன் ஒருவன் கட்டளையிடுகிறான். நீங்களும் எண்ணி எண்ணி நடக்கிறீர்கள். எண்ணிக்கையில் பிழை இல்லை. ஆனால் நடுவில் ஓரிடத்தில் கால் வழுக்கி ஓர் அடி குறைந்துவிட்டது. பிறகு என்ன ஆகும்? அதன்பின் நீங்கள் வைக்கும் ஒவ்வோர் அடியும் தவறான இடத்தில்தான் விழும். கட்டை அவிழ்க்கும்வரை அது உங்களுக்குத் தெரியாது. கட்டளையிடும் நண்பன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தால் அவனுக்கும் தெரியாது.

வீட்டிலேயே கட்டப்படும் சி.என்.சி. எந்திரங்கள் பலவற்றில் நடப்பது இதுதான். கணிப்பொறி எண்களாகக் கட்டளை அனுப்ப, அதன்படி மோட்டார்கள் வெட்டும் கருவியை நகர்த்தி, மரத்திலோ பித்தளையிலோ உருவங்களைச் செதுக்கும் எந்திரம் அது. கட்டளையிடும் நண்பன் கணிப்பொறி. கண் கட்டப்பட்டு நடப்பவர் மோட்டார்.

சென்ற ஆண்டு, முன்பு என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் வாடிய முகத்துடன் வீட்டுக்கு வந்தார். தம் வீட்டு முன்னறையில் தாமே கட்டிய எந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு பெயர்ப்பலகை செதுக்கிப் பிழைப்பவர் அவர். புதுமனை புகுவிழாவுக்காக ஒருவர் தேக்குப் பலகையில் தமிழில் பெயர் கேட்டிருந்தார். இரண்டு பலகைகள் பாழாகிவிட்டன. எழுத்தின் பள்ளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தாமல் படிக்கட்டுப்போல் ஒதுங்கி நின்றன. கடைசியில் வெட்டப்பட்ட ஓரக்கோடு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிப்போயிருந்தது. மூன்றாவது பலகை ஒன்றுதான் மிச்சம். விழாவுக்கு நான்கு நாள். "மோட்டாருக்கு வலு போதவில்லை, பெரிதாக வாங்கி மாட்டு என்கிறார்கள், சார். கடனுக்கும் சொல்லிவிட்டேன்" என்றார்.

"கடனை நாளைக்கு வாங்கலாம். முதலில் பிழையை அளந்து பார்ப்போம்" என்றேன். எங்ஙனம் அளந்தோம், என்ன கண்டோம் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்குமுன் மோட்டாரின் இயல்பை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

கண் இல்லாத மோட்டார்

மின்விசிறியின் மோட்டார் மின்சாரம் கொடுத்தால் தொடர்ந்து சுற்றும். ஸ்டெப்பர் மோட்டார் எனப்படும் படி மோட்டார் அப்படிச் சுற்றுவதில்லை. ஒரு மின்துடிப்புக்கு ஒரு படி என்று விட்டுவிட்டு நகரும். இவ்வகை எந்திரங்களில் பெரும்பாலும் காணப்படும் மோட்டாரில், நடுவே சுழலும் காந்தச் சுழலியின் விளிம்பில் 50 பற்கள் உண்டு. அதைச் சூழ்ந்து நிற்கும் மின்காந்தச் சுருள்களில் மின்னோட்டத்தை முறைப்படி மாற்றினால், நான்கு படிகளில் சுழலி ஒரு பல்லின் அளவு நகர்கிறது. ஆகவே ஒரு முழுச் சுற்றுக்கு 50 × 4 = 200 படிகள். ஒரு படி 1.8 பாகை.

மோட்டாருடன் திருகுத் தண்டு ஒன்றை இணைத்து, அதில் ஒரு மரையை ஓடவிட்டால் சுழற்சி நேர்க்கோட்டு நகர்ச்சியாகிறது. நம் மாணவரின் எந்திரத்தில் தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் மரை 8 மி.மீ. நகரும். எனவே ஒரு முழுப்படிக்கு 8 ÷ 200 = 0.04 மி.மீ. இரு சுருள்களின் மின்னோட்டத்தையும் சிறுகச் சிறுக மாற்றி, ஒரு படியை எட்டு நுண்படிகளாகவும் அவர் பகுத்திருந்தார். ஒரு நுண்படி 0.005 மி.மீ. இது நம் தலைமுடியின் பருமனைவிடக் குறைவு.

இத்தனை நுட்பம் இருந்தும் இடம் தவறுவது ஏன்? கட்டளை போகிறதே தவிர, "வந்து சேர்ந்தேன்" என்ற மறுமொழி திரும்பி வருவதில்லை. 1952இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளையிட்ட நாடாவின் கட்டளைப்படி இயங்கும் வெட்டு எந்திரத்தைச் செய்து காட்டினார்கள். அதில் கருவி எங்கே நிற்கிறது என்று அளந்து திருப்பிச் சொல்லும் ஏற்பாடு இருந்தது. வெற்றிடக் குழல்கள் நிறைந்த மாபெரும் அமைப்பு அது. படி மோட்டார் கொண்ட எளிய எந்திரத்தில் அந்த ஏற்பாட்டையே நீக்கிவிடுகிறோம். விலை குறைகிறது, கூடவே கண்ணும் போய்விடுகிறது.

ஒரு காந்தமும் ஒரு திசைகாட்டியும்

படி மோட்டார் எப்போது கட்டளையைத் தவறவிடும் என்பதை நீங்களே செய்து பார்க்கலாம். மேசைமேல் காந்தத் திசைகாட்டி ஒன்றை வையுங்கள். அதைச் சுற்றிச் சட்டக் காந்தம் ஒன்றை மெதுவாக வட்டமாக நகர்த்துங்கள். ஊசியும் அதைத் தொடர்ந்து சுற்றும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் ஊசி பின்தங்கும். பின் தொடர முடியாமல் அங்குமிங்கும் துடிக்கும். காந்தம் பத்துச் சுற்று முடித்திருக்கும்; ஊசி ஏழு சுற்றுத்தான் முடித்திருக்கும்.

மோட்டாரிலும் சுழலி காந்தப்புலத்துக்குச் சற்றே பின்தங்கித்தான் சுற்றுகிறது. சுமை கூடக்கூடப் பின்தங்கலும் கூடும். அதற்கேற்ப இழுவிசையும் கூடும். ஏறத்தாழ ஒரு முழுப்படி பின்தங்கும்போது இழுவிசை உச்சத்தை எட்டுகிறது. அதற்கும் மேல் பின்தங்கினால் இழுவிசை குறைந்துவிடும். இரண்டு படி பின்தங்கினால் சுழியாகும். அதையும் தாண்டினால், பின்னால் உள்ள பல் அதைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். அதாவது சுழலி ஒரு முழுப் பல் பின்வாங்கி நிலைகொள்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஒரு பல் என்பது நான்கு படிகள் அல்லவா? எனவே மோட்டார் நழுவினால் அது நான்கு, எட்டு, பன்னிரண்டு என்று நான்கின் மடங்குகளில்தான் நழுவும். ஒரு படியோ, மூன்று படியோ நழுவி அங்கேயே தங்க முடியாது. நம் மாணவரின் எந்திரத்தில் நான்கு படி என்பது 0.16 மி.மீ. எனவே மோட்டாரின் வலுக்குறைவே காரணமானால், இடப்பிழை 0.16, 0.32, 0.48 மி.மீ. என்றுதான் அமைய வேண்டும். குற்றவாளி விட்டுச்சென்ற கைரேகை போன்றது இது.

பிழையின் ஐந்து முகங்கள்

எந்திரத்தை எழுத்து வெட்டவிட்டு, தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வரச் செய்து, எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று டயல் கேஜால் அளக்க வேண்டும். ஒருமுறை அளந்தால் போதாது. பலமுறை அளக்க வேண்டும். பிழையின் அளவும் அது வளரும் விதமும் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

முதலாவது, பிழை நான்கு படிகளின் மடங்காக இருந்து, ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக வந்தால் மோட்டார் நழுவுகிறது.

இரண்டாவது, பிழை எந்த மடங்கிலும் அடங்காமல், தாறுமாறாக வந்தால் தண்டையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளிங்கின் கிரப் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம். மோட்டார் அச்சு, கப்ளிங், திருகுத் தண்டு மூன்றின்மேலும் ஒரே நேராக மையால் ஒரு கோடு போடுங்கள். எந்திரம் ஓடியபின் கோடு உடைந்திருந்தால் வழுக்கியது எங்கே என்பது கண்முன் தெரியும்.

மூன்றாவது, இடமிருந்து வந்து நிற்கும்போது ஓரிடமும், வலமிருந்து வந்து நிற்கும்போது வேறிடமும் காட்டி, அந்த வேறுபாடு எத்தனை முறை ஓட்டினாலும் வளராமலிருந்தால், அது மரைக்கும் தண்டுக்கும் இடையே உள்ள பிளே. படிகள் எதுவும் தொலையவில்லை.

நான்காவது, 100 மி.மீ. கேட்டால் 99, 200 கேட்டால் 198 என்று தொலைவுக்கேற்பப் பிழை வந்து, திரும்பி வரும்போது சரியாகத் தொடக்கப் புள்ளியிலேயே நின்றால், ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை துடிப்பு என்ற கணக்கைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

ஐந்தாவது, பிழை மிகச் சிறியது. ஆனால் ஒரே பக்கமாக, ஒவ்வொரு முறையும் ஒரே அளவாகச் சேர்ந்துகொண்டே போகிறது. இந்த ஐந்தாவதற்குப் பிறகு வருவோம்.

மோட்டார் உண்மையிலேயே நழுவினால்

முதல் வகைக்கான காரணங்களை இயற்பியல் பாடத்திலேயே தேடலாம். சுருளில் மின்னோட்டம் உடனே ஏறுவதில்லை என்று தன்மின்தூண்டல் பாடத்தில் படிப்பீர்கள். ஒரு சுருளின் தூண்டல் எண் 2.8 மில்லி ஹென்றி, வேண்டிய மின்னோட்டம் 1.7 ஆம்பியர், மின்னழுத்தம் 12 வோல்ட் எனக் கொள்வோம். மின்தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், மின்னோட்டம் ஏற ஏறத்தாழ 0.4 மில்லி விநாடி ஆகும். ஒரு திசையிலிருந்து எதிர்த்திசைக்கு முழுவதும் மாற அதைப்போல் இருமடங்கு, 0.8 மில்லி விநாடி வேண்டும்.

இப்போது கருவியை நிமிடத்துக்கு 3,000 மி.மீ. வேகத்தில் ஓட்டினால், விநாடிக்கு 50 மி.மீ.; அதாவது 1,250 முழுப்படிகள். ஒரு படிக்குக் கிடைக்கும் நேரம் 0.8 மில்லி விநாடி. மின்னோட்டம் மாறி முடிக்கவே நேரம் சரியாகிவிடுகிறது! சுழலும் காந்தம் சுருளில் உண்டாக்கும் எதிர் மின்னியக்கு விசையும் சேர்ந்துகொண்டால் மின்னோட்டம் நிறைவதே இல்லை. அதனால்தான் நிற்கும்போது கையால் திருப்ப முடியாத மோட்டார், விரைந்து சுற்றும்போது எளிதில் தோற்றுப்போகிறது. மருந்து என்ன? வேகத்தைக் குறைக்கலாம். அல்லது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் இயக்கிச் சுற்று தாங்குமானால் 24 வோல்ட் கொடுக்கலாம். ஏறும் நேரம் பாதியாகும்.

பெரிய மோட்டார் எப்போதும் மருந்தாவதில்லை. அதன் சுழலி கனமானது. நிலைமத் திருப்புத்திறன் மிகுதி. சுருளின் தூண்டல் எண்ணும் மிகுதியாக இருந்தால், பழைய மின்னழுத்தத்தில் அது சிறிய மோட்டாரைவிடச் சீக்கிரமே தோற்கக்கூடும்.

அடுத்தது முடுக்கம். நின்ற வண்டியைக் கயிறு கட்டி வெடுக்கென்று இழுத்தால் கயிறு அறும். மெல்ல இழுத்தால் வண்டி நகரும். நியூட்டனின் இரண்டாம் விதிதான் இது. வேகம் ஏறும் வீதத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். பிழை மறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

உராய்வும் உண்டு. மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் இறுகினால் தண்டு வளைந்திருக்கிறது, அல்லது தண்டவாளங்கள் இணையாக இல்லை. ஒத்ததிர்வும் உண்டு. ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளினால் வீச்சு கூடுவதுபோல, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் படிகள் விழும்போது சுழலி அதிர்ந்து உறுமும். அந்த வேகத்தில் நழுவும். நுண்படிகள் அந்த அதிர்வைக் குறைக்கும். மோட்டாரின் வலுவைக் கூட்டமாட்டா. அரைமணி நேரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு தவறினால் இயக்கிச் சுற்றைச் சந்தேகியுங்கள். சூடு மிகுந்தால் அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். ஆறியதும் மீண்டும் தொடங்கும். இடையில் வந்த கட்டளைகள் யாவும் காற்றில் போய்விடும்.

மூன்றாவது பலகை

இனி மாணவரின் எந்திரத்துக்கு வருவோம். முதலில் கருவியை உயர்த்தி, மரத்தைத் தொடாமல் வெறுங்காற்றில் அதே எழுத்துகளை எழுதச் செய்தோம். வெட்டும் விசையே இல்லை. ஆயினும் திரும்பி வந்தபோது எக்ஸ் அச்சில் 1.24 மி.மீ. பிழை. மீண்டும் ஓட்டினோம்: 1.24. மூன்றாம் முறை: 1.25. வேகத்தைப் பாதியாக்கினோம்: 1.24. மைக்கோடுகள் உடையவில்லை. ஒரே பக்கமிருந்தே வந்து நின்றதால் மரையின் பிளேயும் இதில் கலக்கவில்லை.

1.24ஐ 0.16ஆல் வகுத்துப் பாருங்கள். 7.75 வருகிறது, முழு எண் இல்லை. பலங்குன்றிய மோட்டார் இவ்வளவு ஒழுங்காகத் தவறவும் செய்யாது. சுமை இல்லாதபோதும், வேகம் குறைந்தபோதும் மாறாத பிழை இது. ஆக, மோட்டார் குற்றவாளி அன்று. கடன் வாங்கிப் பெரிய மோட்டார் மாட்டியிருந்தாலும் அதே 1.24 மி.மீ. வந்திருக்கும்!

பிறகு ஒரு சோதனை செய்தோம். கருவியை 100 மி.மீ. சென்று திரும்பும்படி ஐந்து முறை ஓட்டினோம். மொத்தத் தொலைவு 1,000 மி.மீ. பிழை 0.05 மி.மீ. அடுத்து 5 மி.மீ. சென்று திரும்பும்படி நூறு முறை ஓட்டினோம். மொத்தத் தொலைவு அதே 1,000 மி.மீ.; வேகமும் அதே. பிழையோ 1.00 மி.மீ.! தொலைவு மாறவில்லை, திரும்பும் எண்ணிக்கை மட்டும் இருபது மடங்கு. பிழையும் இருபது மடங்கு. எனவே பிழை நடக்கும்போது வரவில்லை, திரும்பும்போது வருகிறது. ஒருமுறை சென்று திரும்பினால் 0.01 மி.மீ., அதாவது சரியாக இரண்டு நுண்படிகள்.

காரணம் இப்போது விளங்கியது. மோட்டாரின் இயக்கிச் சுற்றுக்கு இரண்டு கம்பிகளில் செய்தி போகிறது. "ஒரு படி வை" என்பது ஒன்று. "எந்தப் பக்கம்" என்பது மற்றொன்று. பல இயக்கிச் சுற்றுகளில் இந்தச் செய்திகள் ஒளி வழியாக உள்ளே செல்கின்றன. மின்குறுக்கீட்டைத் தடுக்க ஆப்டோகப்ளர் என்னும் சிறு உறுப்பு வைத்திருப்பார்கள். திசைக்கான உறுப்பு படிக்கானதைவிட மெதுவானதாக இருக்கலாம். அது விரைவில் விழித்துக்கொள்ளும். அணைவதற்குத்தான் நேரம் பிடிக்கும். அதனால் இரு திசைகளில் ஒன்றுக்கு மாறும்போது மட்டும், "திரும்பு" என்ற செய்தி சேர்வதற்குள் "படி வை" என்ற செய்தி முந்திவிடுகிறது. முதல் படி பழைய திசையிலேயே விழுகிறது. ஒரு நுண்படி முன்னே போகவேண்டியது ஒரு நுண்படி பின்னே போனால், இழப்பு இரண்டு நுண்படி அல்லவா?

அன்று நாங்கள் எழுத்துகளின் கட்டளைப் பட்டியலை எடுத்து எண்ணினோம். ஒருமுறை எழுதி முடிக்க, கருவி எக்ஸ் அச்சில் 31 முறை சென்று திரும்புகிறது. ஆழம் போதாமையால் அதே எழுத்துகளை நான்கு முறை எழுத வேண்டும். 31 × 4 × 0.01 = 1.24 மி.மீ. அளந்த விடையும் கணக்கிட்ட விடையும் ஒன்றாகவே இருந்தன!

முன்பெல்லாம் அவர் வெட்டியவை ஆங்கிலப் பெரிய எழுத்துகள். நேர்க்கோடுகளே மிகுதி, திருப்பங்கள் குறைவு. பிழை கண்ணில் படாத அளவில் இருந்தது. நம் தமிழ் எழுத்துகளில் சுழியும் வளைவும் ஏராளம். ஒவ்வொரு சுழியிலும் கருவி இடமும் வலமுமாகத் திரும்ப வேண்டும். எந்திரத்தில் என்றோ இருந்த நோயை நம் எழுத்துதான் வெளிக்காட்டியது.

மருந்துக்கு ஒரு காசும் செலவாகவில்லை. அந்த எந்திரத்தின் கட்டுப்பாட்டு நிரல், 2009இல் முதன்முதலாக வெளிவந்து, உலகெங்கும் இலவசமாகப் பயன்படும் ஜி.ஆர்.பி.எல். என்பதாகும். அதில் படித் துடிப்பைத் தலைகீழாக்கும் வசதி உண்டு. துடிப்பின் தொடக்கத்தில் வைத்த படியை, துடிப்பின் முடிவில் வைக்கும்படி மாற்றினோம். துடிப்பின் நீளத்தையும் 10 மைக்ரோ விநாடியிலிருந்து 20ஆக உயர்த்தினோம். திசைச் செய்தி வந்துசேர அந்த அவகாசம் போதுமானதாக இருந்தது. நூறு முறை சென்று திரும்பச் செய்தோம். டயல் கேஜின் முள் சுழியிலேயே நின்றது. மாணவர் அதை நம்பாமல் இன்னும் இருநூறு முறை ஓட்டிப் பார்த்தார். அதன்பிறகே மூன்றாவது பலகையை எடுத்துப் பொருத்தினார். விழாவுக்கு முந்தின நாள் பெயர்ப்பலகை உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

நீங்களும் செய்யலாம்

உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ இத்தகைய எந்திரம் இருந்தால் சில எச்சரிக்கைகளை மறவாதீர்கள். சோதனை முடியும்வரை வெட்டும் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டாம். மின்சாரம் இருக்கும்போது படி மோட்டாரின் கம்பியைப் பிடுங்காதீர்கள்; இயக்கிச் சுற்று எரிந்துபோகும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். வேகம், மின்னழுத்தம், கப்ளிங் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் பிழை மறையலாம். ஆனால் எதனால் மறைந்தது என்பது தெரியாது. தெரியாத நோய் திரும்பவும் வரும்.

இதோ உங்களுக்கு ஒரு கணக்கு. ஓர் எந்திரத்தில் திருகுத் தண்டுக்குப் பதிலாகப் பற்கள் கொண்ட பெல்ட் இருக்கிறது. மோட்டாரின் கப்பியில் 20 பற்கள். பெல்டின் பற்களுக்கு இடையே 2 மி.மீ. மோட்டாருக்குச் சுற்றுக்கு 200 படிகள். ஒருமுறை ஓட்டியபோது பிழை 0.8 மி.மீ.; அடுத்த முறை 2.4 மி.மீ.; மூன்றாம் முறை பிழையே இல்லை. குற்றவாளி யார்? எதை முதலில் மாற்றிப் பார்ப்பீர்கள்? ஒரு தாளும் பென்சிலும் போதும். மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்பே விடை உங்கள் கையில் இருக்கும்.